மிளகாய்த் தோட்டத்துப் பூச்சிக்கு வேப்பங்கொட்டையா, புகையிலையா?

யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. வேம்பு வளவுக்குள்ளேயே நிற்கிறது. புகையிலைத் தண்டும் கழிவிலையும் தோட்டத்தில் சும்மா கிடக்கும். 2021இல் கிருமிநாசினி இறக்குமதிக்குத் தடை வந்தபோது இவையும் பேசப்பட்டன.

வேகம் என்றால் புகையிலைதான். மிளகாய்க் குருத்தைத் திருப்பிப் பார்த்தால் இலையின் கீழே அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் பூச்சி அப்பிக் கிடக்கும். புகையிலைச் சாறு பட்டால் அன்றைக்கே செத்து விழும். அதிலுள்ள நிக்கோட்டின் நரம்பைத் தாக்கும் நஞ்சு. தெளிப்பவரின் தோல் வழியாகவும் அது உள்ளே போகும். தலை சுற்றும், வாந்தி வரும். அழுக்கணவனைத் தின்ன வரும் பொறிவண்டும் கூடவே சாகும். இவற்றைவிட எனக்குப் பயம் புகையிலை மொசைக் வைரசு. காய்ந்த இலையிலும் அது அழியாது. மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் புகையிலையின் குடும்பம். இலையை வெறுமனே தண்ணீரில் ஊறவைத்துத் தெளித்தால், பூச்சியை விரட்டப் போய் நோயைத் தொற்ற வைத்துவிடலாம். செடியிலிருந்து வந்தது என்பதற்காகவே தீங்கில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

வேம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். அடித்த மறுநாள் போனால் புழு அப்படியே இருக்கும், மனம் சோரும். ஆனால் அது தின்பதைக் குறைத்திருக்கும். தோலுரித்து வளரவும் முடியாது. ஆகவே புழு சிறிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வெங்காயத் தாளுக்குள் புகுந்து கொழுத்த புழுவுக்கு அடித்துப் பிரயோசனமில்லை.

லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்துப் பிழிந்தால் பால்போல வரும். துணியில் நன்றாக வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரையுங்கள். வடிப்பதில் அவசரப்பட்டால் தெளிக்கும் மெசினின் வாய் அடைக்கும். வெயில் மருந்தைக் கெடுத்துவிடும் என்பதால் பின்னேரத்தில் அடிப்பதுதான் சரி.

உள்ளி–மிளகாய்க் கரைசலையும் சிலர் சொல்வார்கள். அது பூச்சியை விரட்டும், அவ்வளவுதான். முற்றத்துக் கத்தரிக்குப் போதும்; உள்ளி விற்கிற விலைக்குப் பரப்புக் கணக்கில் அடிக்கக் கட்டாது.

என் தெரிவு வேம்பு. ஆனால் பூச்சி வந்த அன்று கொட்டை தேடினால் கிடைக்காது. அப்போது கைக்கு எட்டுவது புகையிலைதான். ஆடி, ஆவணியில் பழம் விழும்போதே பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததும் 8, 10 மாதம் கடந்ததும் வேண்டாம்.