சி.வி. இராமனுக்குச் சிலையா, சுவரோவியமா?

தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கூடத்துக்கு இராமன் பெயர் வைத்தாயிற்று. வாசலில் என்ன வைப்பது என்பதில்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரண்டுபட்டு நிற்கிறது.

செலவு: சிலைக்கு வார்ப்பு, பீடம், ஏற்றுக்கூலி. ஓவியத்துக்குச் சாயமும் கூலியும் மட்டும்.

நீடித்து உழைப்பது: ஃபைபர் சிலை வெயிலில் வெளுத்து, மேற்பூச்சு மாவாக உதிரும். சிமெண்டுச் சிலையில் விரிசல் வழியே மழைநீர் இறங்கி உள்கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து மூக்கையும் காதையும் பெயர்க்கும். ஓவியத்துக்கு எதிரி சுவரின் ஈரம். புதுச் சிமெண்டுப் பூச்சை 28 நாள் காயவிட்டு, காரம் தாங்கும் அடிச்சாயம் ஒரு முறை, பிறகு வெளிச்சுவர் அக்ரிலிக் இரண்டு முறை. அவசரப்பட்டால் கொப்புளம்தான். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓரத்துச் சுவரென்றால் பாசி வேறு. கீழே இரண்டடி விட்டு வரையுங்கள்.

சாயல்: தலைப்பாகை இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு யாரென்றே தெரியாது. சிலையில் முகம் தவறினால் தவறியதுதான், ஓவியத்தைத் திருத்தலாம்.

பாடம்: சுவரில் இராமன் விளைவையே வரையலாம். திரவத்தில் பாயும் ஒற்றை நிறக் கதிர். சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வெளிவருவது. ஓரத்தில் கண்டுபிடித்த நாள் 28.2.1928, நோபல் 1930. பீடத்துக் கல்வெட்டில் இதற்கு இடமேது?

ஆண்டுதோறும் மாலை போட வேண்டும், கூரையுள்ள முகப்பும் இருக்கிறது என்றால் சிலை. மற்றவர்களுக்கு ஓவியம்.