டேனரி சர்வரில் டெபியன்: இரண்டரை வருடம் ஓட்டிப் பார்த்த கதை

ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தன்தான். 34 கம்ப்யூட்டர், ஒரு சர்வர், கேட்டில் ஒரு கைரேகை மெஷின். கீபோர்டில் டீ கொட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 2023 ஆகஸ்டில் அந்த சர்வரில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸைப் போட்டேன். முதல் வாரத்தில் இதை எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இரண்டாம் மாதத்தில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது இரண்டு சூடும் ஆறிவிட்டது.

மாற்ற வேண்டிய கட்டாயம் எல்லாருக்கும் வந்த அதே கட்டாயம்தான். எங்களிடம் இருந்த விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர் 10-ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோக இருந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாகக் காசு. சரி, புதிய விண்டோஸ் சர்வரே வாங்கலாம் என்று கொட்டேஷன் கேட்டேன். அதில் கணக்கே ப்ராசஸரின் கோர் கணக்கு. நம் சர்வரில் எட்டே கோர் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் இணைகிற ஒவ்வொரு ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ தனி லைசென்ஸ். எங்கள் முதலாளி ஹாஜியார் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"வேற வழி இல்லியாப்பா?"

"லினக்ஸ் இருக்கு ஹாஜியார். காசு கிடையாது."

"ஓசியில குடுக்கிறவன் நாளைக்குக் கடைய மூடிட்டா யார் சட்டையப் பிடிக்கிறது?"

ஐம்பது வருடம் தோல் வியாபாரம் பண்ணினவர் கேட்கிற கேள்வி. சிரித்துவிட்டுப் போக முடியாது. சென்ட்ஓஎஸ் என்ற இன்னொரு இலவச லினக்ஸ் விஷயத்தில் நடந்தது அதுதானே? அதன் 8-ஆம் பதிப்பு 2029 வரை வரும் என்று நம்பிப் போட்டவர்களிடம், 2020 டிசம்பரில், 2021 முடிவோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் 2021-ல் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. இரண்டும் நல்லவைதான். ஆனால் எனக்கு ஹாஜியாரின் கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. டெபியனை ஒரு கம்பெனி நடத்தவில்லை. 1993-லிருந்து உலகம் பூராவும் இருக்கிற தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஒரு பதிப்புக்கு மூன்று வருடம் முழு ஆதரவு, அதற்கு மேல் இரண்டு வருடம் நீட்டிப்பு. "மூடுறதுக்குக் கடையே இல்ல ஹாஜியார்" என்றேன். அவருக்குப் பாதிதான் சமாதானம். கொட்டேஷன் மீதியைச் சமாதானப்படுத்தியது.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் சர்வர் ஃபோல்டரும் லாகினும் கொடுப்பதற்கு சாம்பா என்று ஒரு மென்பொருள். நம்ம ஊர்க்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் ஆற்காடு கிச்சிலி சம்பாதான் ஞாபகம் வரும், ஹாஜியாரும் "அரிசியா?" என்றுதான் கேட்டார். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்கிற ஆஸ்திரேலியர் தொடங்கியது. விண்டோஸ் ஃபைல் பகிர்கிற முறைக்குப் பெயர் எஸ்எம்பி; அந்த எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற சொல்லை அகராதியில் தேடிப் பிடித்து வைத்த பெயர். 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலர் வேலையையும், அதாவது எல்லாக் கம்ப்யூட்டரின் லாகினையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்வதையும், அதுவே செய்கிறது. எங்களுக்குத் தேவை அவ்வளவுதான்.

பக்ரீத் முடிந்து பச்சைத்தோல் லாரி லாரியாக இறங்குகிற நாட்களில் சர்வர் மேல் கை வைத்தால் வேலை போய்விடும். அதனால் ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி வைத்துக்கொண்டேன். போடுவது சுலபம். முன்பெல்லாம் நெட்வொர்க் கார்டை இயக்குகிற குட்டி மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனியாகப் பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும். 12-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டார்கள். பழைய டொமைனை இழுத்துக்கொண்டு வராமல் புதிதாகவே உருவாக்கி, 34 கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மறுநாள் காலையில் வந்த முதல் புகார், டெஸ்க்டாப்பில் இருந்த பேத்தி போட்டோவைக் காணோம் என்பது.

அப்புறம்தான் நிஜமான தலைவலிகள் வரிசை கட்டின.

முதலாவது, தோல் அளக்கிற மெஷின். ஃபினிஷிங் ஆன தோலை உருளையில் விட்டால் எத்தனை சதுர அடி என்று மெஷின் சொல்லும். பேக்கிங் லிஸ்ட்டும் பில்லும் அந்த எண்ணை நம்பித்தான். அதோடு ஒட்டிய கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரலோடு கைவிடப்பட்டது. மாற்றலாம் என்றால் மெஷினுக்கான சாஃப்ட்வேர் வேறெதிலும் ஓடாது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும். சாம்பாவோ 4.11-லிருந்து அந்தப் பழைய பதிப்பை அடைத்தே வைத்திருக்கிறது. ஒரே ஒரு வரியை மாற்றினால் திறந்துவிடும். மாற்றலாமா என்று கையும் துறுதுறுத்தது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகத்தையே சுற்றி வந்தது இந்த வாசல் வழியாகத்தான் என்பது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டேன். மூலையில் கிடந்த ஒரு பழைய சின்னக் கம்ப்யூட்டரில் இன்னொரு டெபியன் போட்டு, அதில் மட்டும் பழைய வாசலைத் திறந்து, எக்ஸ்பியை அதனோடு மட்டும் பேசவிட்டேன். மெஷின் எழுதுகிற ஃபைலைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெரிய சர்வர் போய் எடுத்து வரும். அளக்கிற அண்ணன் மட்டும் "முன்னெல்லாம் உடனே வருமே தம்பி" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பத்து நிமிடம் பொறுங்கள் அண்ணே.

இரண்டாவது தலைவலியை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. பழைய ஃபைல்களை நகலெடுக்கும்போது அறுபது எழுபது ஃபைல் மட்டும் வர மாட்டேன் என்றது. வைரஸா, டிஸ்க் போச்சா என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். காரணம் எங்கள் டெஸ்பாட்ச் பெரியவர். பெயர் வைக்கும்போதே கதை முழுவதையும் எழுதிவிடுவார். '2022-23 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆம்பூர் பார்ட்டிக்கு அனுப்பிய ஆட்டுத்தோல் கணக்கு விவரம் பழைய பாக்கி சேர்த்துத் திருத்தியது' என்பது ஒரு எக்செல் ஃபைலின் பெயர். விண்டோஸில் இதற்கு இடம் உண்டு. அங்கே பெயரின் நீளம் 255 குறியீடு வரை போகும். லினக்ஸ் டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கிற எக்ஸ்ட்4 முறையில் அளவு 255 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் முடிந்துவிடும். யூனிகோடு தமிழை லினக்ஸ் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தோல்' நமக்கு இரண்டு எழுத்து. உள்ளே நான்கு குறியீடு (த, ஓகாரக் குறி, ல, புள்ளி), பன்னிரண்டு பைட். ஆக, தமிழில் பெயர் வைத்தால் மொத்தமே 85 குறியீடுதான். தமிழில் ஃபைல் பெயர் வைக்கிற அலுவலகம் என்றால், மாறுவதற்கு முன்னால் நீளமான பெயர்களை ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்துவிடுங்கள். நான் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுருக்கினேன். "பேரைச் சுருக்கினா எனக்கு எப்படிப்பா அடையாளம் தெரியும்?" என்றவர், இப்போது அதே விவரத்தை எக்செல்லின் முதல் வரியில் எழுதுகிறார்.

நேரம் இன்னொரு தொல்லை. மின்தடை வந்து போனால், பேட்டரி செத்த பழைய கம்ப்யூட்டர்கள் தேதியைத் தொலைத்துவிட்டு எழும். சர்வருக்கும் அவற்றுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகின் நடக்காது. சர்வரே நேரத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டியதுதானே என்றால், சாம்பா கையொப்பமிட்ட நேரத்தைத்தான் டொமைனில் இருக்கும் விண்டோஸ் ஏற்கும். அந்த இணைப்பை நான், சர்வரில் நேரம் பார்த்துக்கொள்கிற க்ரோனி மென்பொருளில் கொடுக்கவே மறந்திருந்தேன். ஒரே வரி. அது புரிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஆஃபீஸில் "லினக்ஸ் சரியில்ல" என்ற பேச்சு.

கணக்கு சாஃப்ட்வேர் விஷயத்தில் நான் தோற்றேன். டேட்டாவை சாம்பா ஷேரில் வைத்து நாலு பேரை ஒரே நேரத்தில் எழுதவிட்டுப் பார்த்தேன். சாயங்காலம் ஆனால் மாட்டுவண்டி வேகம். ஃபைலின் நகலை அவரவர் கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ள விடுகிற ஆப்லாக்கை நிறுத்தினேன், கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. ஜிஎஸ்டி தாக்கல் பண்ணுகிற வாரத்தில் அக்கவுண்ட்ஸ் அக்கா என்னைப் பார்த்த பார்வையில், டேட்டாவை அவர் ரூமில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கே மாற்றிவிட்டேன். ராத்திரி பேக்கப் மட்டும் டெபியனுக்கு வருகிறது. எல்லாவற்றையும் லினக்ஸில் கொண்டுவந்தே தீருவேன் என்ற வீம்பு எனக்கு அன்றோடு போயிற்று.

அதே அக்கா ஒரு நாள் காஸ்டிங் ஃபோல்டரை மொத்தமாக டெலீட் செய்துவிட்டு அழாத குறையாக வந்து நின்றார். சாம்பாவில் ரீசைக்கிள் என்று ஒரு வசதி உண்டு. நெட்வொர்க்கில் அழிப்பதை ஒளித்துவைத்த ஒரு ஃபோல்டருக்குள் தள்ளும். பழைய சர்வரில் ஷேரில் அழித்தால் பேக்கப்பைத் தோண்ட வேண்டும். இது இரண்டு நிமிட வேலை. அதற்கப்புறம் லினக்ஸ் சரியில்ல என்ற பேச்சு அக்கவுண்ட்ஸ் பக்கம் எழவில்லை.

ஹார்டுவேர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது டேனரிக்காரர்களுக்கு மட்டும். முடி நீக்க சுண்ணாம்போடு சல்ஃபைடு போடுகிற இடத்தில் அந்த அழுகின முட்டை வாடை இருக்கிறதே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது செம்பைக் கருக்கிவிடும். எங்கள் சர்வர் ரூம் சுண்ணாம்புக் குழி பக்கத்துச் சுவரை ஒட்டி இருந்தது. நெட்வொர்க் கேபிள் முனைகள் கறுத்து இணைப்பு விட்டு விட்டு வரும். ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போடுவது மாதாந்திரச் சடங்கு. புது ஓஎஸ் வந்தும் சர்வர் அதே மாதிரி தடுமாறியபோதுதான் இத்தனை வருடம் விண்டோஸை வீணாகத் திட்டியிருக்கிறோம் என்று புரிந்தது. ரேக்கை மாடிக்கு ஏற்றினோம். அதற்குப் பிறகு, நானாக அணைத்தால் ஒழிய, அது நின்றதில்லை. வேலூர் வெயிலில், அக்னி நட்சத்திரத்தில், மாடி ரூமுக்கு ஏசி செலவு தனி. லைசென்ஸில் மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சம் அங்கே போனது.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. இரண்டு மாதம் பொறுத்து தீபாவளி லீவில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது; முறுக்கு சாப்பிட வீட்டுக்கும் போய்விட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு ராத்திரி பேக்கப் இல்லை. என் ஸ்கிரிப்ட், எல்லாவற்றையும் முதலில் டெம்ப் ஃபோல்டரில் ஒரே கட்டாகக் கட்டி அப்புறம் யூஎஸ்பி டிஸ்க்குக்கு அனுப்பும். 13-ல் அந்த டெம்ப் ஃபோல்டர் டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. அதுவும் ரேமில் பாதி அளவு வரைதான். எங்களிடம் 16 ஜிபி, ஆக 8. கட்டு அதைவிடப் பெரியது. வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படித்தேனா என்று கேட்காதீர்கள்.

கமாண்ட் டைப் பண்ணுகிற டெர்மினலைப் பார்த்துப் பயப்படாத ஒரு ஆள் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் தாராளமாக இதைப் போடலாம். வெளியாளை நம்பித்தான் எல்லாம் என்றால், லினக்ஸ் தெரிந்த வெளியாள் வேலூரிலிருந்து கூப்பிட்ட அன்றே வருவாரா என்று முதலில் பாருங்கள். விண்டோஸுக்குத் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்.

ஹாஜியாரும் அங்கேதான் வந்து நின்றார். போன மாதம் எனக்கு டெங்கு, பத்து நாள் படுக்கை. திரும்பி வந்ததும், "கடைய மூட மாட்டாங்கன்னு சொன்னே, சரி. நீ மூடிட்டா?" என்றார். உடனே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எல்லாவற்றையும் தமிழில் எழுதி பீரோவில் வைத்தேன். வாலாஜாவிலிருந்து புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை மட்டும் கொடுத்து, சர்வரை அணைத்து, போட்டு, பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரைத் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு போன்.

"அண்ணே, ஏழாம் பக்கத்துல 'வழக்கம்போல டிஸ்க்கை மவுண்ட் பண்ணவும்'னு எழுதியிருக்கீங்க. வழக்கம்னா எதுண்ணே?"

அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.