ஒரே ஒரு ‘ம’வை வைத்து ‘அம்மா’ எழுத முடியுமா? தமிழ் எழுத்து விளையாட்டுப் பொருட்கள்: எது தேறும், எது தேறாது

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று விற்கும் தமிழ் எழுத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது 31 துண்டுகள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எண்ணிக்கை சரி, கணக்குத்தான் தப்பு. ‘அம்மா’ என்று அடுக்க ம் ஒன்று, ம ஒன்று, துணைக்கால் ஒன்று வேண்டும். ‘அப்பா’, ‘அக்கா’, ‘பட்டம்’ எல்லாவற்றுக்கும் இதே கதை. தமிழில் மெய் இரட்டிக்கும் வீட்டுச் சொற்கள் ஏராளம். ஆங்கில எழுத்துப் பொம்மையின் அச்சில் தமிழை ஊற்றினால் இப்படித்தான் ஆகும். பெட்டியைப் பிரித்த முதல் நாளே பிள்ளை கேட்கும் முதல் சொல்லை எழுத முடியாது.

காந்த எழுத்துகள் வாங்கும்போது இதை முதலில் பாருங்கள். மெய்கள் புள்ளியோடு இருக்கின்றனவா, புள்ளி இல்லாமலா? புள்ளி வைத்தவை மட்டும் இருந்தால் ‘படம்’ வராது. புள்ளி இல்லாதவை மட்டும் இருந்தால் ‘அப்பா’ வராது. சில பெட்டிகளில் புள்ளியைத் தனிக் காந்தமாகவே கொடுத்துவிடுகிறார்கள். அதை எடுக்கவே கூடாது. அவ்வளவு சிறிய துண்டு தொண்டையில் சிக்கும். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடல் சுவரைத் துளைத்துவிடும். காந்தம் எழுத்தின் முதுகில் வெறும் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் நகத்தால் நெம்பிப் பாருங்கள், அசைந்தால் வேண்டாம். முதுகு முழுக்கக் காந்தத் தாளாக இருப்பது நல்லது.

உகரக் குறியைத் தனித் துண்டாக வைத்திருக்கும் பெட்டியையும் ஒதுக்கிவிடலாம். கு, டு, து, பு நான்கிலும் குறி ஒரே மாதிரியா இருக்கிறது? எந்த ஒற்றைத் துண்டும் நான்குக்கும் பொருந்தாது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு தனித்தனியாக இருக்கலாம். ஆனால் பிள்ளை கையில் கடைசியாகத்தான் போக வேண்டும். கண்ணுக்கு முதலில் கொம்பு தெரிகிறது, வாய்க்கு முதலில் மெய்யின் ஒலி வருகிறது. துணைக்கால் நன்றாகப் பிடிபட்ட பிறகே அந்தக் குழப்பத்தைத் தாங்கும்.

சரியான பெட்டி கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்வது மேல். இரண்டு ஏ4 கெட்டி அட்டை, 6 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் அட்டைக்கு 12 வரும். அ 2, ட 2, ப 3, ம 4, ட் 1, ப் 2, ம் 2. துணைக்காலுக்குச் சதுரத்தை நெடுக்காகப் பாதியாக்கி 4. ஆக 20 துண்டுகள். இவற்றை வைத்து அம்மா, அப்பா, மாமா, படம், பாடம், பட்டம், அப்பம், மாடம் எல்லாம் அடுக்கலாம். அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். நாலரை வயதுக்கு முன் இந்தச் சொல் அடுக்கும் ஆட்டத்துக்கு அவசரமில்லை.

மரத்தட்டுப் புதிர்கள்தான் பரிசாக அதிகம் வருகின்றன. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் லேசரால் வெட்டியவை. பார்க்க அழகு, கையிலும் கனமாக நிற்கும். கற்றுத் தருவது என்னவோ பொருத்துவதை மட்டும்தான். எழுத்தின் பெயர் தெரியாமலேயே பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்துப் பிள்ளை உட்கார்த்திவிடும். சில நாளில் ‘கீழ் வரிசையில் மூன்றாவது’ என்று இடமும் மனப்பாடமாகிவிடும். தட்டை ஒளித்துவிட்டு, ஐந்து எழுத்துகளைத் தரையில் பரப்பி, “ப எங்கே?” என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

இந்தத் தட்டுகளில் மூன்று இடங்களைக் குனிந்து பார்க்க வேண்டும். ஒன்று ஃ. மூன்று தனித்தனிப் புள்ளிகளாக வெட்டியிருந்தால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. பொம்மையின் துண்டு தொண்டையில் சிக்குமா என்று சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ., அதற்குள் முழுசாக இறங்கும் எதுவும் ஆபத்து. மூன்றையும் ஒரே பலகைத் துண்டில் பதித்திருப்பதே சரி. இரண்டு, ஔ. ஒவும் ளவும் தனித்துண்டுகளாக வந்தால் பாதி தொலையும், மிச்சத்தை ஒ என்றே பிள்ளை படிக்கும். மூன்று, எ–ஏ, ஒ–ஓ ஜோடிகள். ஏயின் கால்கோடும் ஓவின் சுழியும் மெல்லியதாக வெட்டப்பட்டால் முதலில் ஒடிவது அவைதான். ஒடிந்தபின் நெடிலும் குறிலும் ஒன்றாகிவிடும். நுரைப் பாய்களில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம், பிள்ளை கடித்தே எடுத்துவிடும்.

எழுதப் பழக்கும் பள்ளப்பலகைக்கு எங்கள் முதல் மதிப்பெண். எழுத்தின் உயரம் 7 செ.மீ.க்குக் குறையாமல், பள்ளம் 8 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறுகினால் பிள்ளையின் விரல் இறங்காது, கூடவே வரும் குச்சிதான் கதி. குச்சிக்கு முன் விரல் பழக வேண்டும். அ, இ, ஞ, ண போன்ற சுழிகளில் கோடு தன்னையே தொடும் அல்லது வெட்டும் இடங்கள் உண்டு. தொடங்கும் புள்ளியும் அம்புக்குறியும் பொறிக்காத பலகையில் விரல் அந்தச் சந்திப்பில் வேறு பக்கம் திரும்பிவிடும். தப்பான வழியிலும் பள்ளம் விரலை இழுத்துக்கொண்டு போகும் என்பதால் பெரியவர் கண்ணுக்கு அது தெரியாது. அம்பு இல்லாத பலகை வைத்திருந்தால் தொடக்கத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

உப்புத்தாள் எழுத்துகளும் இதே வேலையைச் செய்கின்றன. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறை இது. உயிருக்கு நீல அட்டை, மெய்க்கு இளஞ்சிவப்பு. தாள் நைசாக இருக்க வேண்டும். சொரசொரப்பு அதிகமானால் விரல் எரியும், பிள்ளை இரண்டாம் தடவை தொடாது. அந்த முறையின் மூன்று படிகளை எந்தப் பொருளோடும் சேர்த்துக்கொள்ளலாம். “இது ம.” பிறகு, “ம எங்கே, எடு.” கடைசியில்தான், “இது என்ன?” மூன்றாவதிலிருந்து தொடங்குவதே வீடுகளில் நடக்கும் பிழை. அது விளையாட்டு அல்ல, பரீட்சை.

பலகைக்குப் பணம் செலவழிக்க மனமில்லையா? அடர்நிறத் தட்டு, 2 செ.மீ. விளிம்பு, சுமார் 30க்கு 20 செ.மீ. அதில் 200 கிராம் ரவை. விஜயதசமிக்கு அரிசியில் எழுதுவதன் தினசரி வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ரவை அதிகமானால் கோடு தானே மூடிக்கொள்ளும். குறைந்தால் விரல் தட்டைக் கீறும். அரிசிமாவு ஈரக்கையில் அப்பும், உப்பு சிராய்ப்பில் எரியும்.

படச் சீட்டுகள் மலிவு, நல்லதும்கூட, படத்தேர்வைத் தவிர. ‘இ – இலை’ என்று போட்டிருப்பார்கள். வீட்டில் பிள்ளை கேட்பது ‘எலை’. ‘உ – உரல்’ பேச்சில் ‘ஒரல்’, தவிர உரலை எந்த மூன்று வயது கண்டது? இட்லி, இஞ்சி, உப்பு, உண்டியல் என்றால் பேச்சிலும் முதல் ஒலி மாறாது. ‘ஓடம்’ படத்தைக் காட்டினால் ‘படகு’ என்றுதான் பதில் வரும், அதில் பிள்ளையின் குற்றம் ஏதுமில்லை. ஓடு அல்லது ஓட்டை வாளி வரைந்து மேலே ஒட்டிவிடுங்கள்.

இதே சீட்டுகளில் ஐந்தை எடுத்து ஜெம் கிளிப் மாட்டினால் மீன் பிடிக்கும் ஆட்டம் தயார். 30 செ.மீ. குச்சி, 20 செ.மீ. நூல், நுனியில் 4 செ.மீ. விட்டமுள்ள சாதாரண கறுப்பு வளையக் காந்தம். நூல் நீண்டால் சிக்கல் எடுப்பதிலேயே நேரம் போகும். ஒலியைச் சொன்னால் மீன் கூடைக்கு, சொல்லாவிட்டால் திரும்பத் தண்ணீருக்கு. இந்த விதி இல்லாவிட்டால் பிள்ளை காந்தத்தை மட்டும்தான் விளையாடும். பாண்டிக் கட்டத்தில் எழுதி ஆடுவது இன்னும் கலகலப்பு. ஆனால் திரும்பி வரும்போது எழுத்துகள் தலைகீழாகத் தெரியும், ஆகவே கட்டத்துக்கு வெளியே நடந்து திரும்பட்டும்.

பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவான ஒலிபெருக்கியில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் கேட்கும். வாங்குவதானால் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் பேட்டரி என்றால் வேண்டவே வேண்டாம், விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். 247 எழுத்துச் சுவரட்டை சுவருக்கு நல்லது. அதில் னை, ணை, லை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய வடிவத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை, அதாவது உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருட்களுக்கு விலக்கு உண்டு, அங்கே சாயம் ஒட்டுகிறதா என்று ஈரத்துணியால் நாமே துடைத்துப் பார்க்க வேண்டியதுதான். கடைக்காரரிடம் கடைசியாக ஒன்று கேளுங்கள்: எழுத்துகளை உதிரியாகத் தருவார்களா? தருவார்கள் என்றால் இன்னும் மூன்று ‘ம’வும் இரண்டு ‘ப’வும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.