ப்ராசடி: கடைசி ஆள் போனதும் கலையும் அரட்டை அறை

சம்பள உயர்வு பற்றி ஆபீஸ் நண்பர்கள் மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும், பேசி முடித்ததும் சுவடு இருக்கக் கூடாது. மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை அமைப்பைப் போடு என்றார்கள். அதன் சினாப்ஸ் சர்வர் கேட்கும் மெமரிக்கு என் ஒரு ஜிபி விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர்) மூச்சு வாங்கிவிடும். போதாததற்கு எல்லாவற்றையும் டேட்டாபேஸில் சேர்த்துவைப்பதுதான் அதன் குணம். அதனால் ப்ராசடிக்கு வந்தேன். லுவா மொழியில் எழுதிய, எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறைக்கான சர்வர், இலவசம். வீடியோ கூட்டங்களுக்கான ஜிட்சி மீட்டின் உள்ளே ஓடுவதும் இதுதான்.

டெபியன் லினக்ஸில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாகவே கிடைக்கிறது. உள்நுழைவை 'அனானிமஸ்' என்று மாற்றினால் கணக்கு, பாஸ்வேர்டு, போன் நம்பர் எதுவும் வேண்டாம். வருபவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு முகவரி. முகப்புக்கு கான்வர்ஸ் ஜேஎஸ் என்ற வெப் அரட்டைத் திரையை வைத்தேன், லிங்க்கைத் தட்டினால் பிரவுசரிலேயே திறக்கும். லிங்க் யார் கைக்கும் போகலாம் என்பதால் அறைக்கு மட்டும் ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள்.

நிரந்தர அறை என்று குறிக்காவிட்டால், கடைசி ஆள் வெளியேறியதும் அறையே இல்லாமல் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது ஒருவர் டேபை மூடாமல் டீ குடிக்கப் போயிருப்பார். அவர் இருக்கும்வரை அறையும் இருக்கும். புதிதாக நுழைபவருக்கு முந்தைய 20 செய்திகள் தானாக வந்து விழும். மேக்ஸ் ஹிஸ்டரி மெசேஜஸ் என்ற அமைப்பை 0 ஆக்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்திருந்தால், வந்துபோனவர்களைப் பதிந்துவைக்கும் அதன் ஆக்சஸ் லாகையும் அணைத்துவிடுங்கள். பேச்சு அழிந்து, பேசியவர்களின் ஐபி முகவரி மட்டும் மிஞ்சினால் என்ன பிரயோஜனம்?

போனில்தான் தொல்லை. திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், இப்படிப் பெயர் தெரியாமல் வந்துபோகும் அறைகளில் பேசுபவர்கள் மட்டுமே படிக்க முடிகிற ஓமீமோ குறியாக்கம் சரிப்படாது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, சரி. ஆனால் சர்வர் வைத்திருப்பவர் நினைத்தால் படிக்கலாம். அதாவது நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். "நீதானேடா, பரவாயில்லை" என்றான் ஒருவன். இன்னொரு தோழி இதுவரை உள்ளே வரவில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

வீட்டு பிராட்பேண்டிலேயே ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: பல இணைப்புகள் சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. விபிஎஸ் எடுப்பதுதான் சுலபம்.

டெர்மினலில் கைபழகிய ஒருவர் இருக்கும் சின்னக் குழுவுக்கு இது தாராளம். முழுக் குறியாக்கம் கட்டாயம் என்றால் சிக்னல் ஆப்பில் செய்தி மறையும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதில் கணக்கு தொடங்க மட்டும் போன் நம்பர் கேட்கும்.