இரட்டைக் கை டிவி மவுண்ட்: இரும்பு கெட்டி, கூட வரும் சுவர் பிளக் வேண்டாம்

32 முதல் 65 இன்ச் டிவிகளுக்கென்று விற்கப்படும், முன்னால் இழுத்து இடமும் வலமும் திருப்பக்கூடிய இரட்டைக் கை மவுண்ட்டைப் பற்றிப் பார்ப்போம். இரும்பைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. தகடு தடிமனாக இருந்து, வெல்டிங் இடைவெளி விடாமல் ஓடியிருந்தால் நம்பி வாங்கலாம். பிரச்சினை பெட்டியில் போட்டிருக்கும் எடைக் கணக்கில்தான்.

'40 கிலோ தாங்கும்' என்பது இரும்புக்குச் சொன்னது, உங்கள் சுவருக்கு அல்ல. 18 கிலோ டிவியை 50 செ.மீ. வெளியே இழுக்கிறீர்கள், சுவர்த் தகட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 18-ஐ 50-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 45. மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு மட்டும் 45 கிலோ அளவுக்கு வருகிறது. அதே டிவி 6 செ.மீ.க்கு மடங்கி இருக்கும்போது அது ஐந்தரை கிலோகூட இல்லை. மடித்தே வைத்திருந்தவரை ஒன்றும் ஆகாத டிவி, ஒருநாள் முழுக்க இழுத்ததும் பெயர்ந்து வருவது இதனால்தான். உயரமான சுவர்த் தகடு உள்ள மாடலையே வாங்குங்கள். அந்த 20 செ.மீ. 30 ஆனால் இழுப்பு 30 கிலோவாகக் குறைந்துவிடும்.

கூட வரும் மெல்லிய பிளாஸ்டிக் பிளக்கை (சுவர்த் துளைக்குள் அடித்து, ஸ்க்ரூவுக்குப் பிடிப்புக் கொடுக்கும் உறை) ஒதுக்கிவிடுங்கள். செங்கல் சுவருக்கு 10 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள நைலான் பிளக், 8×80 மி.மீ. ஸ்க்ரூ. ஏன் 80? தகடு 3, பூச்சு 15, பிளக் 50, நுனி பிளக்கைத் தாண்டி நீள இன்னொரு 8. ஆக 76, அதற்கு மேல் வரும் அளவு 80. பிளக் முழுதும் செங்கலுக்குள் உட்கார வேண்டும். பாதி பூச்சில் நின்றால் பிடிப்பும் பாதிதான். துளை 85 மி.மீ. ஆழம் இருக்கட்டும். டிரில் ஓட்டும்போது பிட் வெளியே தள்ளும் பொடியைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் பூச்சு, பிறகு சிவப்பாகச் செங்கல். சிவப்பு வராமல் சாம்பலாகவே தொடர்ந்து, பிட்டும் லேசாக இறங்கினால் இரண்டு செங்கலுக்கு நடுவே சாந்தில் போகிறீர்கள். தகட்டை ஓரிரு செ.மீ. நகர்த்திப் புதிதாகக் குறியுங்கள். பிட் திடீரென்று வெற்றிடத்தில் பாய்ந்தால் அது ஹாலோ பிளாக். அந்தச் சுவருக்கும், வெறும் ஜிப்சம் போர்டுக்கும் இந்த மவுண்ட் வேண்டவே வேண்டாம். போர்டுக்குப் பின்னால் மரச்சட்டம் இருந்தால், அதன் நடுவில் முதலில் 5 மி.மீ. துளை போட்டு 8 மி.மீ. மர ஸ்க்ரூவை நேராக ஏற்றலாம். துளை போடாமல் ஏற்றினால் சட்டம் பிளந்துவிடும்.

ஸ்விட்ச், பிளக் பாயின்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள். ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும். நாலு துளையையும் ஒரே மூச்சில் போட்டுவிடவும் கூடாது. ஒன்றைப் போட்டு, தகட்டைத் தளர்வாக மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றைக் குறிப்பது நல்லது. பிளக் அடிக்கும் முன் துளையிலுள்ள தூசியை ஊதி எடுங்கள். தூசி இருந்தால் பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும்.

டிவி பக்கம் சேதம் வருவது நீளமான ஸ்க்ரூவால். டிவியின் பின்னால் உள்ள நாலு துளைகளின் இடைவெளியை அளந்து (200×200, 400×400 மி.மீ. போன்றவை) மவுண்ட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு துளைக்குள் மெல்லிய குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். உள்ளே போகும் ஸ்க்ரூ அதைவிட 2 மி.மீ. குறைவாக இருக்கட்டும். ஸ்க்ரூ M6-ஆ M8-ஆ (6 மி.மீ. தடிமனா, 8 மி.மீ. தடிமனா) என்பது கையால் முடுக்கும்போதே தெரிந்துவிடும், வலுக்கட்டாயம் பண்ணாதீர்கள். துளை குழிக்குள் இருந்தாலோ பின்பக்கம் வளைந்திருந்தாலோ ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் குட்டிக் குழாய்) போட்டு, அந்த அளவுக்கு நீளமான ஸ்க்ரூ எடுக்க வேண்டும். டிரில் மெஷினால் முடுக்குவது கூடவே கூடாது.

தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டும். மாட்டியதும் அடியிலுள்ள பூட்டு ஸ்க்ரூவைப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், கீழிருந்து யாராவது தள்ளினால் டிவி கொக்கியை விட்டுக் கழன்றுவிடும். கேபிளைக் கட்டுவது கையை முழுக்க நீட்டிய பிறகுதான். மடித்த நிலையில் கட்டினால், முதல் தடவை இழுக்கும்போதே எச்டிஎம்ஐ போர்ட் பெயர்ந்துவிடும்.