2024 பேஸ்பால் சீசன்: ஜட்ஜா, ஓட்டானியா?

அமெரிக்க பேஸ்பாலில் அந்த சீசனின் சிறந்த வீரர் யார் என்பதுதான் கேள்வி. வெறும் அடி பலம் என்றால் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரோன் ஜட்ஜ்தான். 58 ஹோம் ரன் (பந்தை எல்லை வேலிக்கு வெளியே அடிப்பது), சராசரி .322 (ஆயிரம் வாய்ப்புக்கு 322 ஹிட், அதாவது பேஸை எட்டவைக்கும் அடி). இரண்டிலும் ஷோஹெய் ஓட்டானி ஒரு படி கீழேதான்.

ஆனாலும் என் ஓட்டு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஓட்டானிக்கே. வழக்கமாகப் பந்தும் வீசுபவர் அவர்; முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு வீசவே இல்லை. அந்தக் குறையைக் கால்களால் ஈடுகட்டினார்: 54 ஹோம் ரன்னோடு 59 முறை பேஸைத் திருடினார் (மட்டையாளர் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது)! ஒரே சீசனில் இரண்டிலும் ஐம்பதைத் தொட்டவர் அதுவரை யாருமே இல்லை. செப்டம்பர் 19, மயாமி ஆட்டம் ஒன்றே போதும். ஆறு முறை மட்டை பிடித்து ஆறிலும் ஹிட். அதில் மூன்று ஹோம் ரன், கூடவே இரண்டு திருட்டு.

இவ்விரு அணிகளும் மோதிய உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டித் தொடரில் இருவருமே சோபிக்கவில்லை. ஐந்தாம் ஆட்டத்தில் யாங்கீஸ் 5-0 என முன்னிலையில் இருந்தபோது கைக்கு வந்த எளிய கேட்சை ஜட்ஜ் நழுவவிட்டார்; கோப்பை டாட்ஜர்ஸுக்குப் போனது.