டைம்சோன் கண்டுபிடிக்க ஐபியா, ஆஃப்செட்டா, பிரவுசர்கிட்டயே கேக்கலாமா?

சைட்டுக்கு வர்றவங்க எந்த டைம்சோன்ல இருக்காங்கனு தெரிஞ்சுக்க நிறைய பேர் முதல்ல கை வைக்கிறது ஐபி லுக்கப்லதான், அதாவது ஐபி அட்ரஸை வச்சு ஊரைக் கண்டுபிடிக்கிறது. அதுல நிஜமாவே ஒரு வசதி இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட் ஓடுற வரைக்கும் காத்திருக்காம பேஜ் அனுப்பும்போதே சர்வர்ல வேலை முடிஞ்சிரும். ஆனா ஐபி காட்டுறது நெட்வொர்க் வெளிய வர்ற இடத்தை, ஆளு உக்காந்திருக்கிற இடத்தை இல்ல. விபிஎன் போட்டிருந்தாலோ ஆபீஸ் ப்ராக்ஸி வேற நாட்டுல இருந்தாலோ அவ்ளோதான். ஹெச்டிடிபி ஹெடர்ல தேடாதீங்க, டைம்சோனுக்குனு ஸ்டாண்டர்ட் ஹெடரே கிடையாது.

அடுத்து கெட்டைம்சோன்ஆஃப்செட் (getTimezoneOffset), யுடிசிங்கிற உலகப் பொது நேரத்துக்கும் பிரவுசர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது ஆஃப்செட்டை, சொல்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன். எனக்கு இதுமேலதான் ரொம்ப ஆதங்கம், ஏன்னா பாக்க சரியா இருக்கிற மாதிரியே இருந்து மாசக்கணக்கா கழிச்சு கால வாரும். நிமிஷக்கணக்குல குறி தலைகீழா வரும், யுடிசி +5:30-ல இருக்கிறவங்களுக்கு -330, அதை மாத்தாம கூட்டினா 11 மணி நேரம் தள்ளிக் காட்டும். அதைக்கூட டெஸ்டிங்ல பிடிச்சிரலாம். பிடிபடாதது இதுதான்: அமெரிக்காவுல டென்வரும் ஃபீனிக்ஸும் ஜனவரில ரெண்டுமே 420 தான், ஜூலைல டென்வர் 360 ஆயிரும், ஃபீனிக்ஸ் 420-லயே நிக்கும், அங்க டேலைட் சேவிங் (கோடைல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்ன தள்ளுறது) இல்ல. ஜனவரில வந்த நம்பரை டேட்டாபேஸ்ல போட்டு வச்சுக்கிட்டு ஜூலை மீட்டிங்குக்கு நேரம் சொன்னீங்கனா டென்வர்காரர் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து காத்துக்கிட்டிருப்பாரு.

அதனால என் ஓட்டு பிரவுசர்லயே இருக்கிற இன்டல் டேட்டைம்ஃபார்மேட்டுக்குதான் (Intl.DateTimeFormat). அதோட ரிசால்வ்ட்ஆப்ஷன்ஸ்ல (resolvedOptions) டைம்சோன் கேட்டா 'அமெரிக்கா/டென்வர்'னு பேராவே குடுக்கும், விதி எல்லாம் உலக டைம்சோன்களைத் தொகுத்து வச்சிருக்கிற ஐயானா (IANA) டேட்டாபேஸ் பாத்துக்கும். 2022-ல மெக்சிகோ பெரும்பாலான இடத்துல டேலைட் சேவிங்கை நிறுத்தினப்போ பேரை சேமிச்சு வச்சிருந்தவங்களுக்கு அந்த டேட்டாபேஸை அப்டேட் பண்ணாலே போதும்னு ஆச்சு. இதுலயும் குறை இல்லாம இல்ல. சில பிரவுசர் 'ஏசியா/கொல்கத்தா'ங்கிறதுக்கு பழைய 'ஏசியா/கல்கட்டா'னே தரும், அதனால பேரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீங்க. டார் பிரவுசர் மாதிரி பிரைவசிக்காக உண்மையான சோனை மறைக்கிறதும் இருக்கு. முதல் ரிக்வெஸ்ட்ல சர்வருக்கு எதுவும் தெரியாது, குக்கில போட்டு அனுப்பினா அடுத்ததுல இருந்து தெரியும்.

ரிமைண்டர், அப்பாயின்ட்மென்ட்னா பிரவுசர் சொன்னதை டீஃபால்ட்டா வச்சுட்டு மாத்திக்க ஒரு டிராப்டவுன் கட்டாயம் குடுங்க, வேற நாட்டுக்குப் போனவங்க லேப்டாப் அந்த ஊர் நேரத்தைச் சொல்லலாம். வெறுமன போஸ்ட் எப்ப போட்டதுனு காட்டத்தான்னா இந்த அலசலே வேணாம், சர்வர் யுடிசில அனுப்பட்டும், பிரவுசரே அவங்க நேரத்துக்கு மாத்தி காட்டிரும்.